தங்கையன் வண்டியைவிட ஒரு படி மேலே

பாலக்கரையில் நஸ்ருல்லா பாயின் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு ரகம். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்து, "நீங்களே பார்த்துப் போடுங்க பாய்" என்று சாவியை நீட்டுகிறவர்கள் ஒரு ரகம். செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்து பாய்க்கே பாடம் எடுக்கிறவர்கள் இன்னொரு ரகம். ரங்கநாதன் இரண்டிலும் சேராத ஆள். புத்தம்புதுக் கறுப்பு பிக்கப்பைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு.

"தங்கையன் வண்டிக்கு என்னென்ன போட்டுக் குடுத்தீங்க?"

"எந்தத் தங்கையன்?"

"திருவெள்ளறைத் தங்கையன். என் சித்தப்பா மகன். வெள்ளை பிக்கப்."

"ஓ, அவரா! தங்கமான மனுசன்" என்றார் பாய். அந்த வார்த்தை ரங்கநாதனுக்கு எங்கே போய்ச் சுட்டது என்று பாய்க்குத் தெரிய நியாயமில்லை. "அவருக்கு வண்டிய ரெண்டு இஞ்ச் தூக்கினோம்."

"எனக்கு மூணு இஞ்ச் தூக்குங்க."

"இன்ஜினுக்கு அடியில கல்லு படாம இருக்க அலுமினியத் தகடு."

"எனக்கு இரும்பு."

"ஷாக் அப்சர்பர் நடுத்தரமானது."

"இருக்கிறதுலயே ஒசந்தது எது?"

பாய் எடுத்துக் காட்டினார். பக்கத்தில் தனியாக ஒரு சின்ன உருளை ஒட்டிக்கொண்டு, சிவப்பும் வெள்ளியுமாகப் பளபளத்தது. அது எதற்கு என்று ரங்கநாதன் கேட்கவில்லை. தங்கையனிடம் அது இல்லை என்பதே அவருக்குப் போதுமான விளக்கமாக இருந்தது.

"பின்னாடி பட்டை?" என்றார்.

பட்டை என்றால் பின் சக்கரத்துக்கு மேலே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கிற வில் மாதிரியான இரும்பு. வண்டியின் பாரத்தை அதுதான் தாங்கும். பாய் இங்கே கொஞ்சம் நிதானித்தார்.

"அதுல ஒரு விசயம் இருக்குண்ணே. அவரு வாழைத்தார் ஏத்துறாரு, மோட்டார் ஏத்துறாரு, பின்னாடி எப்பவும் பாரம் இருக்கு. அதுக்குத் தக்கன கெட்டியான பட்டையா போட்டேன். நீங்க என்ன ஏத்துவீங்க?"

ரங்கநாதன் ஸ்ரீரங்கத்துக்காரர், திருவானைக்காவலில் உரக்கடை வைத்திருக்கிறவர். ஏற்றுவதற்கு மூட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த வண்டியின் முதுகில் ஒரு யூரியா மூட்டையை ஏற்றுவது என்ற நினைப்பே அவருக்குப் பிடிக்கவில்லை. உரம் வழக்கம்போல லோடு ஆட்டோவில் போகட்டும். இது வேறு வேலைக்கு வாங்கிய வண்டி.

"ஒண்ணும் ஏத்த மாட்டேன். ஆனா அவனுக்குப் போட்டதைவிட ஒரு படி மேல போடுங்க."

"காலியா ஓட்டினா தூக்கித் தூக்கிப் போடும்ணே."

"போட்டா போடட்டும்."

"சரி, அப்புறம் உங்க இஷ்டம்" என்றார் பாய். வியாபாரி ஒரு தடவைதான் சொல்லுவார்.

"முன்னாடி பெருசா ஒரு கம்பி வெக்கலாமா? மாடு முட்டினாலும் தாங்குற மாதிரி?"

"அதுக்கெல்லாம் இப்ப தடை. பிடிச்சா அபராதம்."

"தங்கையன் வெச்சிருக்கானா?"

"இல்ல."

"அப்ப வேணாம்" என்றார் ரங்கநாதன், ரொம்பத் தாராளமாக.

சொந்தத் தம்பி முறையுள்ளவன்மேல் ஒரு மனிதருக்கு இவ்வளவு வயிற்றெரிச்சலா என்று கேட்கலாம். இருந்தது. மூன்று வருடமாக அணையாமல் இருந்தது.

ரங்கநாதனுக்குக் கூடப் பிறந்தவள் ஒரே தங்கை, பானுப்ரியா. திருவெள்ளறைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில், சித்தார்த்தன் என்ற பள்ளிக்கூட ஆசிரியருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை நல்லவர், வீடும் நல்ல வீடு. ஊருக்குப் போகிற வழியில் ஓர் ஓடை, அதன்மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு தரைப்பாலம். கல்யாணம் பேசப்போன சித்திரை மாதத்தில் அந்த ஓடையில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அதனால் யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

பானுவுக்கு வலி கண்டது ஐப்பசி அடைமழையில். போன் முதலில் ரங்கநாதனுக்குத்தான் வந்தது. அதை அவர் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லுவார். காரை எடுத்துக்கொண்டு பறந்தார். திருவெள்ளறையை நெருங்கும்போது எதிரே வந்த ஆள், பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது, கார் போகாது என்றான். பெரிய வண்டி ஏதாவது பிடிக்கலாம் என்று ரங்கநாதன் மண்ணச்சநல்லூருக்குத் திரும்பினார். அரிசி ஆலை ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு லாரியைக் கிளப்புவதற்குள் செய்தி வந்துவிட்டது. தங்கையன் பானுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான், பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம்.

ஆஸ்பத்திரி வாசலில் கூரை வரைக்கும் சேற்றோடு அந்த வெள்ளை பிக்கப் நின்றது. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "இந்த வண்டி இல்லேன்னா என்ன ஆயிருக்கும்!" என்றார்கள். சொந்தக்காரர்கள் எந்த விசேஷத்தில் கூடினாலும் யாராவது ஒருவர், "அன்னைக்கு வெள்ளத்துல நம்ம தங்கையன்..." என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்த உடனே ரங்கநாதனுக்கு அவசரமாகக் கை கழுவ வேண்டியிருக்கும், அல்லது யாரிடமோ போன் பேச வேண்டியிருக்கும். மூன்று வருடத்தில் அந்தக் கதையை அவர் முழுசாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த வண்டி தன்னிடம் இருந்திருந்தால் கதையில் தன் பெயர் இருந்திருக்கும் என்பதே அவர் கணக்கு.

அதற்கு முன்பெல்லாம் பானு வெறுமனே "அண்ணன்" என்றால் அது ரங்கநாதன்தான். வேறு யாரையும் குறிக்காது. இப்போது அவளும் அவள் வீட்டாரும் "தங்கையாண்ணன்" என்றும் "ஸ்ரீரங்கத்து அண்ணன்" என்றும் பிரித்துச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். கூடப் பிறந்தவனுக்கு ஊர்ப்பெயரை அடையாளமாகச் சொல்ல வேண்டி வந்ததை நினைத்தாலே ரங்கநாதனுக்குச் சோறு இறங்காது.

இந்த நிலைமையில்தான் குழந்தை யாழினிக்குக் காது குத்து வந்தது.

சித்தார்த்தனின் குலதெய்வக் கோயில் ஊருக்கு மேற்கே கரட்டுக் காட்டுக்குள் இருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். காது குத்துகிற குழந்தையையும் தாயையும் வீட்டு வாசலில் இருந்து கோயில் வாசல் வரைக்கும் தாய்மாமன்தான் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். யார் வண்டியில் இருந்து குழந்தை கோயில் வாசலில் இறங்குகிறதோ, அவர் மடியில்தான் காது குத்து. மாட்டு வண்டிக் காலத்தில் ஏற்பட்ட வழக்கம், இன்னும் யாரும் மாற்றவில்லை.

பானு போனில் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் பேசினாள்.

"அண்ணே, கோயிலுக்குப் போற தடம் ஒனக்குத் தெரியும்ல. எல்லாம் பாறையும் பள்ளமும். ஒன் காரு பாதிகூட வராது. எங்க வீட்டு அத்தைதான் சொன்னாங்க, தங்கையாண்ணன் வண்டியிலயே நானும் பாப்பாவும் வந்துரலாம்னு."

"வண்டியில வந்தா? அப்புறம் மடி?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பொறக்கறப்பவே தூக்கிட்டு வந்தவரு, அவரு மடியிலயே உக்காரட்டுமேங்குறாங்க அத்தை. எனக்கு ரெண்டு பேரும் அண்ணன்தானேண்ணே."

ரெண்டு பேரும் அண்ணன்! ரங்கநாதன் போனைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே ஷோரூமுக்குப் போனார். நாலு சக்கரமும் இழுக்கிற ரகமாகப் பார்த்து, தங்கையனுடையதைவிடப் புதிய மாடலாகப் பார்த்து, கறுப்பு நிறத்தில் பதிந்துவிட்டு, "நானே வண்டி எடுத்திருக்கேன், என் மருமகள நான்தான் அழைச்சிட்டு வருவேன்" என்று பானுவுக்குச் சொன்னார். அவள் "சரிண்ணே" என்றாள். அந்தச் "சரி"யில் சந்தோஷம் குறைவாக இருந்ததாக அவருக்குத் தோன்றியது. அதற்கும் காரணம் தங்கையன்தான் என்று முடிவு கட்டினார்.

வண்டி பாய் கடையில் இருந்து வெளியே வந்தபோது பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ரங்கநாதன் அதை ஸ்ரீரங்கம் சித்திரை வீதி பக்கமாக ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தார். பூக்கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் நிறுத்தி மனைவி வள்ளிக்கண்ணுவைக் கூப்பிட்டார். அவள் வந்து ஏறுகிற இடத்தைப் பார்த்தாள், தன் புடவையைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வண்டிக்குள்ள போறதுக்கு மாடிப்படி வேணும்னு பாய் சொல்லலையா?"

"ஒசரமா இருந்தாத்தான் கல்லு அடிக்காது."

"கல்லு அடிக்காதுங்க. எனக்குக் காலு ஒடியும்."

கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி டோல்கேட் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். முதல் வேகத்தடையில் வள்ளிக்கண்ணுவின் தலை கூரையில் இடித்தது. இரண்டாவது தடையில் அவள் வாயில் இருந்து வந்த சத்தத்தை இங்கே எழுத முடியாது. பின்பக்கம் பாரமே இல்லாததால் அந்தக் கெட்டிப் பட்டைகள் வளைந்து கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. சாலையில் ஒரு சின்ன மேடு என்றாலும் பின்புறம் அப்படியே துள்ளி விழுந்தது.

"ஏங்க, குழந்தைய இதுல ஏத்திக்கிட்டுப் போகப் போறீங்களா?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிரும்."

"பின்னாடி நாலு மூட்டையாவது போடுங்களேன். காலியா ஓட்டினாக் குதிக்கும்னு அந்தப் பாயே சொன்னாராமே."

"கோயிலுக்குப் போற வண்டியில உர மூட்டையோட போய் எறங்கட்டுமா? அவன் வண்டிதான் மூட்டை தூக்குற வண்டி. இது மரியாதைக்குப் போற வண்டி."

வள்ளிக்கண்ணு மேலே இருந்த பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தன் புருஷனுக்குத் தங்கையன் விஷயத்தில் காது கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

காது குத்தன்று காலையில் ரங்கநாதன் பட்டு வேட்டி, சட்டையோடு, வண்டிக்கு மாலை போட்டு, பானுவின் வீட்டு வாசலில் போய் நின்றார். அவருக்கு முன்பே தங்கையன் அங்கே வந்திருந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெள்ளை பிக்கப்பில் அரிசி மூட்டை, அண்டா, கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் கேன், விறகு, ஓர் ஆட்டுக்கிடா என்று சமையலுக்கான சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே! அடேயப்பா, வண்டி என்னமா இருக்கு!" என்று ஓடி வந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குனிந்து அடியில் பார்த்தான். "இந்த ஷாக்கு படத்துலதாண்ணே பார்த்திருக்கேன்!"

பொறாமையே இல்லாமல் ஒருவன் அப்படிப் புகழ்ந்தால், பொறாமைக்காரனுக்கு அதைவிடத் தண்டனை கிடையாது. ரங்கநாதன் அவன் முகத்தில் ஒரு சின்னக் கறுப்பாவது தென்படுகிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை. நடிக்கிறான் என்று சமாதானம் செய்துகொண்டார்.

பானுவும், பட்டுப்பாவாடை கட்டிய யாழினியும், வள்ளிக்கண்ணுவும் கறுப்பு வண்டியில் ஏறினார்கள். ஸ்டூல் உதவியது. சித்தார்த்தனும் அவர் அம்மா ரெங்கம்மாளும் தங்கையன் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். தார் ரோடு இருக்கிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. யாழினி, "மாமா வண்டி பெரிசு" என்றாள். ரங்கநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடியில் பின்னால் வருகிற வெள்ளை வண்டியைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

கரட்டுத் தடம் ஆரம்பித்தது. வண்டி பாறைகளில் ஏறியது, அதில் குறையில்லை. அடியில் ஒரு கல்கூடப் படவில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லிலும் பின்புறம் துள்ளியது. பின் சீட்டில் மூன்று பேரும் முறத்தில் இட்ட அரிசியாய் எழும்பி எழும்பி விழுந்தார்கள். பானு ஒரு கையால் மேலே இருந்த பிடியையும் ஒரு கையால் குழந்தையையும் பிடித்துக்கொண்டு, "மெதுவாண்ணே, மெதுவாண்ணே" என்றாள். மெதுவாகப் போனால் தங்கையன் பின்னால் வந்து ஒட்டிவிடுவான். ரங்கநாதன் மெதுவாகப் போகவில்லை.

யாழினி முதலில் அழுதாள். பிறகு வாந்தி எடுத்தாள். பட்டுப்பாவாடை, பானுவின் புடவை, புது சீட்டு எல்லாம் போயிற்று.

"நிறுத்துண்ணே!"

நிறுத்தினார். பானு குழந்தையோடு இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதன் வாயைத் துடைத்துவிட்டாள். பின்னால் வந்த வண்டியும் நின்றது. தங்கையன் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். குழந்தை அவனைப் பார்த்துக் கையை நீட்டியது.

"நான் தங்கையாண்ணன் வண்டியில வரேண்ணே" என்றாள் பானு.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் பானு. நான் மெதுவா ஓட்டுறேன்."

"அவளுக்கு முடியலண்ணே. ஒன் வண்டி ஒத்துக்கல, நான் என்ன பண்ண?"

"ஒத்துக்கலையா? இந்த வண்டி மட்டும் அன்னைக்கு என்கிட்ட இருந்திருந்தா நீ இப்படிப் பேசுவியா? அந்தத் தண்ணிய நான் தாண்டி வந்திருக்க மாட்டேனா? அவன்கிட்ட வண்டி இருந்துச்சு, வந்தான். என்கிட்ட இல்ல. அதுக்கு மூணு வருசமா என்னைய ஒதுக்கி வெப்பியா?"

சொல்லி முடித்த பிறகுதான் இதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டோம் என்று ரங்கநாதனுக்கு உறைத்தது. பானு அவரைப் புரியாமல் பார்த்தாள்.

"எந்த வண்டிண்ணே தாண்டுச்சு?"

"அவன் வண்டிதான்."

"அது பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்னுபோச்சேண்ணே. இழுப்புல எறக்கினா அடிச்சிட்டுப் போயிரும்னு தங்கையாண்ணன் அங்கயே விட்டுட்டு, கயித்த இடுப்புல கட்டிக்கிட்டுக் கழுத்தளவு தண்ணியில நடந்து வந்துச்சு. என்னைக் கட்டில்ல படுக்க வெச்சு நாலு பேரு தலைக்கு மேல தூக்கிக்கிட்டுத் தண்ணியிலதான் நடந்தாங்க. கட்டிலோட முன்காலு ஒண்ணு தங்கையாண்ணன் கையில. ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

"விடும்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றான் தங்கையன்.

ரங்கநாதனுக்குத் தெரியாது. கை கழுவப் போன இடங்களில் எல்லாம் அந்தக் கதை அவரை விட்டுவிட்டு முடிந்திருக்கிறது. அன்றைக்குக் கார் போகாது என்று சொன்னதும் அவர் வேறு வண்டியைத் தேடித்தான் போனார். இறங்கி நடக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கார் நிற்கிற இடத்தில் தானும் நின்றுவிட்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட முந்திக்கொண்டு அந்தப் பழைய எரிச்சல் வந்து நின்றது. வண்டியினால் அவன் ஜெயித்தான் என்றிருந்தவரைக்கும் அதற்கு மேலே ஒன்றை வாங்க முடிந்தது. கழுத்தளவு தண்ணீருக்கு மேலே எந்தக் கடையில் போய் என்ன கேட்பது? இந்த உண்மை தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுதான் அவர் நினைத்தார்.

பானுவும் குழந்தையும் வெள்ளை வண்டிக்கு மாறினார்கள். மடி போயிற்று.

தங்கையன் அதோடு விடவில்லை. கறுப்பு வண்டியின் பின் சக்கரத்தருகே உட்கார்ந்து பட்டைகளைப் பார்த்தான். "அண்ணே, இது நல்ல பாரம் தாங்குற பட்டை. காலியா வந்ததுனாலதான் குதிக்குது. சாமானையெல்லாம் இதுல மாத்திருவோம், அப்புறம் பாருங்க" என்றான். சொன்னதோடு நிற்காமல் அவனும் சித்தார்த்தனுமாக அரிசி மூட்டை, அண்டா, சிலிண்டர், விறகு எல்லாவற்றையும் மாற்றினார்கள். மரியாதைக்குப் போகிற வண்டியில் கடைசியாக ஆட்டுக்கிடாவும் ஏறியது. ரங்கநாதன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல அவருக்கு முகம் இல்லை.

கிளம்பிய பிறகு வண்டி கப்பலாய்ப் போயிற்று. பாறையில் ஏறினால் ஏறியது தெரியவில்லை, பள்ளத்தில் இறங்கினால் இறங்கியது தெரியவில்லை. பாய் கொடுத்த சரக்கில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பின் சீட்டில் வள்ளிக்கண்ணு மட்டும் தனியாக உட்கார்ந்து, ஈரத்துணியால் சீட்டைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப எவ்வளவு சொகமா இருக்கு பாருங்க" என்றாள்.

கோயில் தெரிகிற வளைவில் வெள்ளை வண்டி நின்றது. தங்கையன் இறங்கி வந்து ரங்கநாதன் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான்.

"அண்ணே, பாப்பாவும் பானுவும் இங்கேருந்து உங்க வண்டியிலயே வரட்டும். இப்பதான் அலுங்காமப் போகுதே."

"அங்கேயே வரட்டும்" என்றார் ரங்கநாதன் வறட்சியாக.

"என்னண்ணே இது! நீங்க இருக்கறப்ப கோயில் வாசல்ல என் வண்டியில எறங்கினா நல்லாவா இருக்கும்? அத்தை ஏதோ சொல்லிட்டாங்கன்னு பானுதான் கஷ்டப்பட்டுச்சு. நான் அன்னைக்கே அவங்ககிட்டச் சொல்லிட்டேன், மடியில உக்கார வெக்கிறது எங்க அண்ணன்தான்னு."

அவன் சண்டை போட்டுத் தோற்றிருந்தால் ரங்கநாதனுக்கு இனித்திருக்கும். அவனோ எடுத்து நீட்டினான், பந்தியில் பக்கத்து இலைக்காரனுக்கு அப்பளத்தை நகர்த்தி வைக்கிற மாதிரி. மூன்று வருடம் யாருடன் போட்டி போட்டாரோ அந்த ஆள் போட்டியிலேயே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். முடியவில்லை. மடி அவருக்கு வேண்டியிருந்தது. கதவைத் திறந்துவிட்டார்.

ஆகவே, வழக்கப்படி, யாழினி தாய்மாமன் வண்டியில் இருந்துதான் கோயில் வாசலில் இறங்கினாள். ரெங்கம்மாள் ஆரத்தி சுற்றினாள். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மாமன் சீராக வந்த பாவாடையை மாற்றி, குழந்தையைக் கொண்டுவந்து ரங்கநாதன் மடியில் வைத்தார்கள். குளிர்ந்த சின்ன உடம்பு. சந்தனமும் லேசாகப் புளிப்பு வாடையும் கலந்து வந்தது. ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். சுற்றி எல்லாரும் நெருங்கி நின்றார்கள். தங்கையன் சரியாக எதிரே, சித்தார்த்தனுக்குப் பின்னால் நின்றான்.

ரங்கநாதன் அவனையே பார்த்தார். விட்டுக்கொடுக்கிறது வாயால் சுலபம், கண்ணால் கஷ்டம். இந்த நேரத்தில், தான் உட்கார வேண்டிய இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறபோது, அவன் முகத்தில் எங்காவது ஓர் ஓரத்தில் ஒரு சுளிப்பு வந்தே தீரும். ஒரே ஒரு தடவை வந்தால் போதும். தான் மூன்று வருடம் பட்டதில் ஒரு துளியை அவனும் படுகிறான் என்று தெரிந்தால் போதும். எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடும். குழந்தை வீறிட்டது. தங்கையன் முகம் கோணியது. வந்துவிட்டது என்று ரங்கநாதன் முன்னே சாய்ந்தார். இல்லை, அது குழந்தைக்கு வலித்ததற்காகக் கோணிய முகம். உதடும் கூடவே துடித்தது. அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவர் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆசாரி ஏதோ சொன்னார். யாரோ வெல்லத்தை நீட்டினார்கள். சட்டையில் ஏதோ இழுப்பது மாதிரி இருந்தது. தங்கையன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்புப் பரவியது. சுற்றிலும் குலவை எழுந்தது.

"அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார் ஆசாரி.

குழந்தையை யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஆளாளுக்கு ரங்கநாதனைப் பாராட்டினார்கள். பானு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் அழுதிருந்தாள். அண்ணன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, பழைய பானுவாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால பார்க்க முடியலண்ணே. சுவத்தப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன். மொதக் காதுக்கு அழுத சத்தம் கேட்டுச்சு. ரெண்டாவது காதுக்குச் சத்தமே இல்ல. எப்படி இருந்தாண்ணே? சொல்லேன்."

வெறும் "அண்ணே". ஊர்ப்பெயர் ஒட்டாத "அண்ணே". இதற்காகத்தான் இத்தனையும். ரங்கநாதன் சொல்வதற்கு வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு காதில் இருந்து மறு காதுக்கு ஆசாரி எப்போது மாறினார் என்பதுகூட அவருக்குத் தெரியாது. பானு காத்திருந்தாள். அவர் தலையை நிமிர்த்தி, வேறு வழியில்லாமல் எதிரே தங்கையனைப் பார்த்தார்.

"ரெண்டாவதுக்கு அழவே இல்லம்மா" என்றான் தங்கையன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கம்பி உள்ள போறப்ப அண்ணன் சட்டையக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டு, அண்ணன் மொகத்தையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. கடைசி வரைக்கும் கண்ண எடுக்கல."